ஏஐ சட்ட விவாதங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கை நுண்ணறிவுக்கு (ஏஐ) கடிவாளம் போடுவது பற்றி எந்த நாட்டு மன்றத்தில் பேச்சு எழுந்தாலும், நம் கண் முதலில் போவது பேச்சாளர்கள் மீதுதான். யார் என்ன முழங்கினார், எந்த நிறுவனத் தலைவர் எந்தக் கேள்விக்குத் தடுமாறினார் என்பதே செய்தியாகிறது. ஆனால் நம் வேலையையும் கடன் விண்ணப்பத்தையும் தொடப்போகிற முடிவுகள் மசோதாவின் வரையறைப் பிரிவிலும், வரம்பு எண்ணிலும், விதிவிலக்குகளிலும் எடுக்கப்படுகின்றன. அங்கே பார்க்காமல் விட்டால் விவாதத்தின் உயிர்நாடியே நமக்குப் பிடிபடாது.

முதல் தவறு, கேள்வி கேட்கும் அமர்வைச் சட்டமாக நினைத்துக்கொள்வது. 2023 மே 16 அன்று அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் சாட்சியம் அளித்தார். சக்திவாய்ந்த மாடல்களுக்கு, அதாவது சாட்ஜிபிடி போன்ற செயலிகளை இயக்கும் ஏஐ அமைப்புகளுக்கு, உரிமம் வழங்க ஓர் அமைப்பு வேண்டும் என்று அவரே சொன்னார். அந்த உரிம முறை சட்டமாகவே இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 30-இல் அதிபர் பைடன் ஏஐ பற்றி ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். 2025 ஜனவரி 20-இல் டிரம்ப் பதவியேற்ற அன்றே அது ரத்தானது. ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போய்விடும். மன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அப்படித் துடைக்க முடியாது. ஆகவே படிப்பது அமர்வா, ஆணையா, மசோதாவா, நிறைவேறிய சட்டமா என்பதை முதல் வரியிலேயே பிரித்துப் பாருங்கள்.

அடுத்தது, ‘ஏஐ-யை ஒழுங்குபடுத்துகிறார்கள்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடுவது. எதை ஒழுங்குபடுத்துவது என்பதே சண்டையின் மையம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2021 ஏப்ரலில் வைத்த ஏஐ சட்டத்தின் முதல் வரைவு, பயன்பாட்டை வைத்து ஆபத்தை அளந்தது. வீடியோ கேமில் இருக்கும் ஏஐ-க்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கவும் கடன் தகுதியைக் கணிக்கவும் பயன்படுவது உயர் ஆபத்துப் பட்டியலில் வரும். தெளிவான யோசனைதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் அது ஆட்டம் கண்டது. கவிதையும் எழுதும், மருத்துவக் கேள்விக்கும் பதில் சொல்லும் ஒரு மாடலை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? ஐரோப்பிய நாடாளுமன்றம் மாடல்களுக்கே நேரடி விதி கேட்டது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் 2023 நவம்பரில் நிறுவனங்கள் தாங்களே பின்பற்றும் நடத்தை நெறிகளே போதும் என்றன. டிசம்பர் 8 இரவில்தான் உடன்பாடு எட்டப்பட்டது. கடைசியில் ஒரு கோடு கிழித்தார்கள்: ஒரு மாடலைப் பயிற்றுவிக்கச் செலவான கணக்கீடுகள் ஒன்றுக்குப் பின் 25 சுழியங்கள் போட்ட எண்ணைத் தாண்டினால், அது பரவலான ஆபத்து உள்ளதாகக் கருதப்படும். குறைந்த கணக்கீட்டிலேயே வலிமையான மாடல் உருவாகும் காலத்தில் இந்தக் கோடு பழையதாகிவிடலாம் என்பது நியாயமான விமர்சனம். அதனால்தான் அதை மாற்றும் அதிகாரமும் ஆணையத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. என் பார்வையில், அளக்கக்கூடிய குறையுள்ள எண், அளக்கவே முடியாத அழகான வாசகத்தைவிட மேல்.

நிறுவனங்கள் ஒரு பக்கம், மக்கள் மறுபக்கம் என்று அணி பிரிப்பதும் பிழை. பெரிய ஏஐ மாடல்களுக்குப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்க முயன்ற, கலிஃபோர்னியாவின் எஸ்பி 1047 மசோதாவைக் கொண்டுவந்த மாகாண செனட்டர் ஸ்காட் வீனர் ஜனநாயகக் கட்சிக்காரர். அதே கட்சியின் மூத்த தலைவர் நான்சி பெலோசி எதிர்த்தார். ஓப்பன்ஏஐ எதிர்த்தது, எலான் மஸ்க் ஆதரித்தார். மன்றத்தில் நிறைவேறிய அதை ஆளுநர் கேவின் நியூசம் 2024 செப்டம்பர் 29-இல் நிராகரித்தார். மாடலின் அளவை மட்டும் பார்க்கிறது, அது எந்த ஆபத்தான சூழலில் பயன்படுகிறது என்பதைப் பார்க்கவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஐரோப்பாவில் நடந்த அதே வாதம்! சரியாக ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 29-இல், வீனரின் அடுத்த மசோதாவான எஸ்பி 53-இல் அதே நியூசம் கையெழுத்திட்டார். பெரிய நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட வேண்டும், கடுமையான சம்பவங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், தவறைச் சுட்டும் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது அது. தோற்ற மசோதா வீணாகவில்லை. நிராகரிப்போடு கதை முடிந்தது என்று செய்தியைக் கைவிட்டவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

‘அரசியல்வாதிகளுக்குத் தொழில்நுட்பம் தெரியாது’ என்று ஒதுக்கிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பல கேள்விகளுக்கு நிரலாக்கம் தெரிய வேண்டிய தேவையே இல்லை. அமெரிக்க மாகாணங்கள் 10 ஆண்டுகளுக்குத் தங்கள் ஏஐ சட்டங்களை அமல்படுத்தக் கூடாது என்ற ஏற்பாடு 2025-இல் ஒரு பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் நுழைந்திருந்தது. ஜூலை 1 அன்று செனட் அதை 99-க்கு 1 என்ற வாக்கில் நீக்கியது. யாருக்கு அதிகாரம் என்பதே அங்கிருந்த கேள்வி. அதை நன்றாகப் புரிந்துகொண்டுதான் இரண்டு கட்சிக்காரர்களும் வாக்களித்தார்கள்.

கட்டுப்பாடா வளர்ச்சியா என்ற தராசை அதிகம் நம்ப வேண்டாம். மசோதாவின் பிரிவுகள் அந்தத் தராசில் நிற்பதில்லை.

தேதிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஐரோப்பியச் சட்டம் 2024 மார்ச் 13-இல் நாடாளுமன்றத்தில் 523 ஆதரவு, 46 எதிர்ப்பு, 49 நடுநிலை என நிறைவேறியது. ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சில ஏஐ பயன்பாடுகளுக்கு அது விதித்த தடைகள் பொருந்தத் தொடங்கியது 2025 பிப்ரவரி 2-இல். சாட்ஜிபிடியில் இருப்பது போன்ற பல வேலை செய்யும் ‘பொதுப்பயன்’ மாடல்களுக்கான கடமைகள் அந்த ஆண்டு ஆகஸ்ட் 2-இல். தடைகளை மீறினால் அபராதம் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 7 சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அது.

அந்தத் தடைகளையும் கடைசி வரி வரை படியுங்கள். பொது இடங்களில் காவல்துறை நேரலையாக முக அடையாளம் காண்பதற்குத் தடை என்று தலைப்புகள் வந்தன. பிரிவுக்குள் போனால், காணாமல் போனவரைத் தேட, உயிருக்கு உடனடி ஆபத்தையோ பயங்கரவாதத் தாக்குதலையோ தடுக்க, கடுங்குற்றச் சந்தேக நபரைக் கண்டுபிடிக்க என்று மூன்று விலக்குகள் இருக்கின்றன. ராணுவத்துக்கும் தேசியப் பாதுகாப்புக்கும் மட்டுமே பயன்படும் ஏஐ அந்தச் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வராது.