மூக்கில் நான்கு ஈயக்குண்டு

இரணைமடுக் குளத்துக்குக் கீழே, அரிவி வெட்டு முடிந்த வயலில்தான் என் புதுக் கிளைடரை, காற்றில் மிதந்து பறக்கும் மாதிரி விமானத்தை, முதன்முதலாக எறிந்தேன். மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, பொத்தென்று விழுந்தது. மூன்று தடவையும் அப்படித்தான். மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேற்றரை ரிமோட்டில் இறக்கியும் சரிவரவில்லை.

பிறகு இறக்கையின் அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். முன்விளிம்பிலிருந்து அகலத்தின் மூன்றிலொரு பங்கில் சமமாக நிற்க வேண்டியது, வால் பக்கம் சாய்ந்தது. வாலில் தாராளமாகப் பூசிய பசைதான் காரணம். வால் நீளம் என்பதால் அங்கே ஒரு கிராம் கூடினாலும் மூக்கில் பல கிராம் சேர்க்க வேண்டும். தம்பி பழைய வீச்சுவலையில் ஈயக்குண்டுகள் கழற்றித் தந்தான். பற்றரிக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஒட்டினேன், நான்காவதோடு சமமானது.

அப்புறம் காற்றுக்கு எதிராக, மட்டமாக எறிந்தேன். இரண்டு வரம்பு தாண்டி, அரிதாளை உரசிக்கொண்டு மெல்ல இறங்கியது. தம்பி கத்திக்கொண்டே ஓடினான்.