மருந்துக்குக் கேட்காத புகையான்: நாம் செய்யும் தவறுகள்

சம்பா நெல் கதிர் வாங்கும் சமயத்தில் வயலுக்குள் வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து கிடந்தால், பெரும்பாலும் அது நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற சிறு பூச்சிதான். அவசரமாக மருந்து அடிக்கிறோம். நாலு நாள் கழித்துத் தூரை விலக்கிப் பார்த்தால் பூச்சி அப்படியே அப்பிக்கிடக்கிறது. "பூச்சி மருந்துக்குப் பழகிடுச்சு" என்று அப்போது சொல்லிக்கொள்கிறோம்.

உண்மையில் எந்தப் பூச்சியும் தன் ஆயுளுக்குள் இப்படிப் பழகிக்கொள்வதில்லை. ஒரு வயலில் இருக்கும் லட்சக்கணக்கான பூச்சிகளில் ஒரு சிலவற்றுக்குப் பிறவியிலேயே அந்த விஷத்தைத் தாங்கும் தன்மை இருக்கும். சிலவற்றின் உடலில் விஷத்தைச் சிதைக்கும் நொதி அதிகமாகச் சுரக்கும். வேறு சிலவற்றில், விஷம் போய் ஒட்ட வேண்டிய நரம்புப் பகுதியின் அமைப்பே கொஞ்சம் மாறியிருக்கும். மருந்து பட்டதும் மற்றவை செத்துப்போக, இவை மட்டும் மிஞ்சிக் குஞ்சு பொரிக்கின்றன. புகையானுக்கு ஒரு தலைமுறை என்பது ஏறக்குறைய ஒரு மாதம்தான். அதனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், விஷத்தைத் தாங்கும் வம்சத்தை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். இது புதிய செய்தியும் அல்ல. அமெரிக்காவில் பழமரங்களைத் தாக்கிய செதில்பூச்சி சுண்ணாம்பு கந்தகக் கரைசலுக்குச் சாகவில்லை என்று 1914இலேயே மெலாண்டர் என்ற பூச்சியியல் அறிஞர் எழுதிவிட்டார்.

என் கணிப்பில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு, டப்பாவை மாற்றிவிட்டு மருந்தை மாற்றிவிட்டதாக நம்புவது. போன முறை இமிடாகுளோபிரிட் அடித்தோம், இந்த முறை தயாமெத்தாக்சம் வாங்குகிறோம், அதுவும் கேட்கவில்லை என்றால் குளோத்தியானிடின். பெயர் வேறு, கம்பெனி வேறு, விலையும் வேறு. ஆனால் மூன்றும் நியோநிகோட்டினாய்டு என்ற ஒரே குழு. பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றைத் தாங்கத் தெரிந்த பூச்சி மற்றதையும் ஓரளவு தாங்கும். 1990களில் வந்தபோது இமிடாகுளோபிரிட் புகையானுக்கு அருமையாக வேலை செய்தது. 2000களின் நடுவிலேயே தாய்லாந்து, வியட்நாம், சீனா என்று பல நாடுகளில் அது தோற்றது.

பூச்சிக்கொல்லி நிறுவனங்களே சேர்ந்து 1984இல் ஐராக் (IRAC) என்ற அமைப்பை உருவாக்கி, எந்த மருந்து பூச்சியை எந்த வழியில் கொல்கிறது என்று எண் கொடுத்துப் பிரித்திருக்கின்றன. மேலே சொன்ன மூன்றும் 4ஏ. பைமெட்ரோசின் 9பி, புப்ரோஃபெசின் 16, ஃபுளோனிகாமிட் 29. கடையில் பெயரைக் கேட்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது மனிதருக்கு எவ்வளவு நச்சு என்பதைக் காட்டுவது, குழுவைக் காட்டாது. ஒரு தலைமுறைக்கு ஒரு குழு என்றால் அடுத்த தலைமுறைக்கு, அதாவது ஒரு மாதம் கழித்து, வேறு குழு. விதைநேர்த்திக்கு 4ஏ பயன்படுத்தியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது அவசரம். புப்ரோஃபெசின் இளம்பூச்சி தோல் உரிக்கும்போதுதான் கொல்லும். வளர்ந்த பூச்சியை அது நேரடியாகக் கொல்வதில்லை. பைமெட்ரோசின் பட்ட பூச்சி சாறு உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகிறது. இரண்டுக்கும் சில நாள் ஆகும். மறுநாள் காலையில் பூச்சி உயிரோடு இருக்கிறதே என்று பதறி வேறொன்றை அடித்தால் பணமும் வீண், தேவையில்லாமல் இன்னொரு குழுவையும் பூச்சிக்குக் காட்டிவிட்டோம்.

அடித்த மருந்து கேட்கவில்லை என்றாலே எதிர்ப்புத்திறன் என்று முடிவு கட்டவும் வேண்டாம். புகையான் இருப்பது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அடித்தூரில். கைத்தெளிப்பானோ ட்ரோனோ, இலைநுனியை நனைத்துவிட்டுப் போனால் பூச்சி மேல் மருந்தே படாது. முட்டைகள் இலையுறைக்குள் பொதிந்திருப்பதால் அவை தப்பி, ஒரு வாரம் பத்து நாளில் புதுக் குஞ்சுகள் வரும். இதையெல்லாம் பார்க்காமல் அளவை இரண்டு மடங்காக்குவது ஆபத்தான வேலை. அப்போதும் மிஞ்சுகிற பூச்சி இன்னும் வலுவானதாக இருக்கும், புகையானைத் தின்னும் சிலந்திகளோ மொத்தமாகச் செத்திருக்கும். மூன்று மருந்தை அரை அரை அளவில் ஒரே டேங்கில் கலப்பதும் இதே கேடுதான். எதுவும் முழுசாகக் கொல்லாமல், மூன்றையும் தாங்கும் பூச்சி உருவாக வழி செய்கிறோம்.

செயற்கை பைரித்ராய்டு மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கவே கூடாது. சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி போன்ற இயற்கை எதிரிகள் அழிந்து, புகையான் முன்னைவிடப் பெருகும். இந்தோனேசியா இதை நன்றாக அனுபவித்தது. 1986இல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரேயடியாகத் தடை செய்தது. அதனால் நெல் உற்பத்தி வீழ்ந்துவிடவில்லை.

மருந்து எடுக்குமுன் தூரை விலக்கி எண்ணுங்கள். தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சிக்குக் குறைவாக இருந்தால் அடிக்கத் தேவையில்லை. ஒரே இடத்தில் நட்ட முழுக் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். தண்ணீரை வடியுங்கள், யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் (நாற்று நடாத இடைவெளி) விடுங்கள். சரியான குழுவை, சரியான அளவில், அடித்தூர் நனைய அடித்தும் கேட்கவில்லையா? எந்தத் தேதியில் எதை எவ்வளவு அடித்தீர்கள் என்ற குறிப்போடு வேளாண்மை அலுவலரிடமோ, டெல்டாக்காரர்கள் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ சொல்லுங்கள். புகையான் காற்றோடு வெகுதூரம் பறக்கும் பூச்சி. உங்கள் வயலில் தோற்ற மருந்து எது என்பது அடுத்த ஊருக்கும் தெரிய வேண்டும்.