ஆயுத பூஜைக்கு மானிட்டர் துடைக்கிறீர்களா?

பெங்களூரில் திரைகளுக்கு ஆபத்தான நாள் ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான். வருடம் முழுக்கத் தூசியோடு கிடந்த மானிட்டருக்கு அன்றைக்குத்தான் குளியல். போன வருடம் அல்சூரில் எங்கள் வீட்டு டிவியைக் குளிப்பாட்டியது நான். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற நீலத் திரவத்தைத் திரை மேலேயே புஸ் புஸ்ஸென்று அடித்தேன். துளிகள் ஒன்றுசேர்ந்து வழிந்து, கீழ்விளிம்பின் இடுக்கில் காணாமல் போயின. மறுநாள் சாமி கும்பிட்டுவிட்டு டிவியைப் போட்டால், மேலிருந்து கீழாக நாலு பச்சைக் கோடு. எஸ்.பி. ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "பேனல் போச்சு சார், மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்.

திரைக்கு சிக்னல் கொண்டுபோகும் மெல்லிய பட்டைகள் விளிம்புக்கு உள்ளேதான் ஒட்டியிருக்கும். ஈரம் அங்கே இறங்கினால் கதை முடிந்தது. எதுவானாலும் துணியில் தொட்டுக்கொள்ளுங்கள், திரையில் அடிக்காதீர்கள்.

அந்த நீலத் திரவமும் ஆகாது. பழைய குண்டு டிவியின் முகப்பு தடித்த கண்ணாடி, எதையும் தாங்கும். இப்போதைய எல்.சி.டி. திரைகள் பலவற்றில் நம் கை படுவது பிளாஸ்டிக் படலம். கண் கூசாமலிருக்க அதன் மேல் ஒரு பூச்சு. அம்மோனியாவும் அசிட்டோனும் பூச்சைத் திட்டுத்திட்டாக வெளுக்க வைத்துவிடும். ஆல்கஹாலும் வேண்டாம், தயாரித்தவரே கையேட்டில் சம்மதித்திருந்தால் ஒழிய.

சரி, வெறும் தண்ணீர் போதாதா? போதும், ஆனால் இந்த ஊர் போர்வெல் தண்ணீர் வேண்டாம். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு திரையிலும் புள்ளி புள்ளியாகக் காயும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். துணிக்கு மூக்குக் கண்ணாடியோடு கொடுக்கும் மைக்ரோஃபைபர் போதும். டிஷ்யூ பேப்பர் மரக்கூழ், மெல்லிசாகக் கீறும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரை ஆறட்டும். சூடாக இருந்தால் ஈரம் சட்டென்று காய்ந்து கோடு கோடாக நிற்கும். கறுத்த திரையில் அழுக்கும் நன்றாகத் தெரியும். அப்புறம், ஈரம் படுவதற்கு முன்னால் காய்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். தெருவுக்குத் தெரு கட்டட வேலை நடக்கிற ஊர் இது. தூசி என்பது பாதி மணல். அதை அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்ப்பது மாதிரிதான். தாளிப்பு எண்ணெய், பிள்ளைகளின் கைரேகை எல்லாம் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்தாலே போய்விடும். அழுத்துகிற இடத்தில் நிறம் அலை மாதிரி ஓடினால் உடனே கையை எடுங்கள்.

பூஜை முடிந்த பிறகும் ஒரு தப்பு உண்டு. ஆபீஸில் திரை நடுவிலேயே சந்தனப் பொட்டு வைத்து, காய்ந்த பின் நகத்தால் சுரண்டுவார்கள். எங்கள் புது டிவிக்கு இந்த வருடம் ஸ்டாண்டில்தான் பொட்டு. "முகத்துக்கு வைக்காம காலுக்கா வைப்பாங்க?" என்று அம்மா இன்னும் முனகிக்கொண்டிருக்கிறாள்.