ஸ்டால் கிடைத்துவிட்டது, அப்புறம்? கைவினைச் சந்தைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண் குதிரையில் முதலில் உடைவது காது. கால் உடையும் என்று பயந்து எல்லோரும் காலுக்குத்தான் வைக்கோல் சுற்றுகிறார்கள். இறக்கிப் பெட்டியைத் திறந்தால் நாலு காலும் போட்டது போட்டபடி நிற்கும், காது மட்டும் பெட்டிக்கு அடியில் கிடக்கும். மண் குதிரை செய்கிற, எனக்குத் தெரிந்த வேளார் ஒருவர் வெளிமாநிலச் சந்தை ஒன்றுக்கு முப்பது குதிரை கொண்டுபோனார். முதல் நாள் காலையில் விற்கிற நிலையில் இருந்தவை பத்தொன்பது. மீதி பதினொன்றையும் ஸ்டாலுக்குப் பின்னால் துணி போட்டு மூடிவிட்டு, சந்தை முடிகிறவரை அந்தத் துணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தார். அடுத்த தடவை காதைத் தலையோடு படிய ஒட்டிச் செய்துகொண்டு போனார். ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் குதிரை வளர்க்கிற ஒருவர் ஸ்டாலுக்கு வந்து, "இந்தக் குதிரை எல்லாம் ஏன் கோபமாக இருக்கிறது?" என்று கேட்டாராம். கோபம் வந்தால்தான் குதிரை காதைப் பின்னால் மடக்கும்.

சந்தைக்குப் போய் நஷ்டப்பட்டு வருகிறவர்கள் கூட்டம் இல்லை, மூலையில் இடம் கொடுத்துவிட்டார்கள், மழை பெய்துவிட்டது என்றெல்லாம் சொல்வார்கள். அதுவும் நடப்பதுதான். ஆனால் கூட உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே கோட்டை விட்டதாக இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி ரயில் ஏறுவதற்கு முன்னால் நடக்கும் தவறுகளைப் பற்றியதுதான்.

முதல் தவறு, தப்பான கதவைத் தட்டுவது. எல்லாச் சந்தையையும் ஒரே அலுவலகம் நடத்துவதாக நினைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். உண்மையில் வழிகள் வேறு வேறு. காந்தி ஷில்ப் பஜார் போன்ற சந்தைகளுக்கு மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இருக்கிற கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டை வேண்டும். 'பெஹ்சான் அட்டை' என்று சொல்வது அதைத்தான். அந்த அலுவலகத்தின் தென் மண்டலப் பிரிவு சென்னையில் இருக்கிறது. சரஸ் மேளா அப்படியல்ல. அது ஊரக வளர்ச்சித் துறை வழியாக மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நடத்தப்படுவது. அதற்குக் குழுவில் இருக்க வேண்டும், மாவட்டத்தில் மகளிர் திட்ட அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். 1973-இல் தொடங்கிய, தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் நவராத்திரி நேரத்தில் நடத்தும் கொலு பொம்மைக் கண்காட்சிக்குப் பூம்புகாரையே அணுக வேண்டும். கரகம், பறை, கூத்து என்று ஆடுகிறவர்களுக்கும் இசைக்கிறவர்களுக்கும் கலை பண்பாட்டுத் துறையும் தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையமும் தனி வழி. இந்த ஏற்பாட்டில் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் தோல்பாவைக் கூத்துக்காரர்கள். பாவையைச் செய்பவரும் அவரே, ஆட்டுபவரும் அவரே. ஒரு அலுவலகம் 'நீங்கள் நிகழ்த்துகிறவர்' என்று அனுப்பும், இன்னொன்று 'நீங்கள் செய்கிறவர்' என்று திருப்பும். அவர்கள் இரண்டு இடத்திலும் பதிந்துவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அட்டை வாங்கும்போது நடக்கிற ஒரு தவறு எனக்குச் சொல்லவே சங்கடமாக இருக்கும். கொட்டான் என்கிற ஓலைக் கூடை முடைவது, பாய் நெய்வது, பொம்மைக்கு வண்ணம் வைப்பது எல்லாம் அம்மா. அட்டை அப்பா பெயரில். அட்டை தருவதற்கு முன் வேலையைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பதுண்டு. அப்போது அப்பா ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார். அப்படியே தப்பித்து அட்டை வாங்கிவிட்டாலும், சந்தையில் ஸ்டால் அவர் பெயருக்கு, விருதுக்கு விண்ணப்பிக்கிற தகுதி அவருக்கு. முப்பது வருஷம் முடைந்தவருக்கு ஒரு காகிதத்திலும் பெயர் இருக்காது. கை யாருடையதோ அட்டை அவருடையதாக இருக்கட்டும்.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் 'முத்துலட்சுமி', பேங்க் பாஸ்புக்கில் 'க. முத்துலட்சுமி', அட்டையில் அந்தக் 'க' விரிந்து 'முத்துலட்சுமி கருப்பையா'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். அரசு நடத்துகிற பல சந்தைகளில் பயணச் செலவும் தினப்படியும் பின்னால் வங்கிக் கணக்குக்கு வரும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் மாதக்கணக்கில் நிற்கும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மூன்றையும் ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள். டிக்கெட்டையும் சரக்குக் கட்டண ரசீதையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்து, 'படியே வரவில்லை' என்று சொல்கிறவர்களும் நிறையப் பேர். ரசீது இல்லாமல் எந்த அலுவலகமும் காசு தராது.

தேதி விஷயம் சுருக்கமாக. ஹரியானாவில் ஃபரீதாபாத் பக்கத்தில் 1987 முதல் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா வழக்கமாகப் பிப்ரவரியில். ஜனவரியில் போய்க் கேட்டால் ஸ்டால் கிடைக்காது, அதற்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். 1994-இல் திறந்த டெல்லி ஹாட்டில் கைவினைஞர்களுக்கான ஸ்டால்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கை மாறும். இந்தத் தடவை கிடைக்கவில்லை என்றால் அத்தோடு முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்து 'ஸ்டால் கன்ஃபார்ம், இன்றைக்குள் ஐயாயிரம் போடுங்கள்' என்பார். தனி ஆளின் கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, நடத்துகிற அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டு விசாரியுங்கள். 'உங்களுக்கு விருது வந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்பதும் இதே ரகம்தான்.

வழியில் சரக்கு மாட்டிக்கொள்வது இன்னொரு பெரிய தலைவலி. 'நான் சின்ன ஆள், ஜிஎஸ்டி எனக்கு இல்லை' என்று கிளம்பிவிடுகிறார்கள். பாதி சரி. அரசு அறிவித்த பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களைச் செய்கிறவர், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால், வேறு மாநிலத்தில் விற்பதற்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் அந்த விலக்கு இரண்டு நிபந்தனையோடு வருகிறது. பான் கார்டு இருக்க வேண்டும், சரக்கு கொண்டுபோவதற்கு ஆன்லைனில் எடுக்கிற இ-வே பில் போட்டிருக்க வேண்டும். சாதாரண வியாபாரிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில். பதிவு விலக்குப் பெற்ற கைவினைஞர் மாநில எல்லையைத் தாண்டும்போது சரக்கின் மதிப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போட வேண்டும். சின்ன ஆளுக்குத்தான் இங்கே விதி இறுக்கம். விசித்திரம்தான், ஆனாலும் விதி அப்படி இருக்கிறது. செக்போஸ்டில் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்வதை விட ஊரில் ஒரு ஆடிட்டரிடமோ விவரம் தெரிந்த இ-சேவை மையத்திலோ ஒரு மணி நேரம் செலவழிப்பது மேல்.

ரயிலிலும் இதே கதை. ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பது 40 கிலோ. அதுவும் சொந்த உபயோகத்துக்கான மூட்டை முடிச்சுக்கு. வியாபாரச் சரக்கை பார்சல் அலுவலகத்தில் பதிந்துதான் அனுப்ப வேண்டும். வெண்கலச் சிலையைச் சாக்கில் கட்டி சீட்டுக்கு அடியில் தள்ளுவது நடக்கிற காரியம்தான், மாட்டுகிறவரைக்கும். பார்சலில் போடுகிறவர்கள் சரக்கு நமக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேருகிற மாதிரி அனுப்புங்கள். திறப்பு விழா அன்று காலி மேசையோடு உட்கார்ந்திருக்கிற ஸ்டால் எல்லாச் சந்தையிலும் ஒன்றாவது இருக்கும்.

இனி விலை. இதில்தான் மனம் அதிகம் நோகும். ஒரு பேச்சுக்கு, பனை ஓலைக் கொட்டான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓலை, சாயம், நூல் எல்லாம் சேர்த்து 60 ரூபாய். ஊரில் 450 ரூபாய்க்கு விற்கிறீர்கள், 390 லாபம் என்று மனக்கணக்கு. ஓலையைக் காயவைத்து, கிழித்து, சாயம் ஏற்றி, முடைய ஒன்றரை நாள் ஆகிறது. ஒரு நாள் கூலி 400 என்றால் அதுவே 600. சந்தைக்குப் போக வர, தங்க, சாப்பிட, சரக்கு அனுப்ப 24,000 ஆகி, 120 கொட்டான் விற்றால் ஒன்றின் தலையில் 200. மொத்தம் 860. 450-க்கு விற்ற ஒவ்வொரு கொட்டானோடும் 410 ரூபாயை வாங்கியவரின் பையில் சேர்த்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கையில் பணம் புரள்வதால் நஷ்டம் தெரியாது. 'என் உழைப்புதானே, அதற்கு என்ன காசு' என்கிற பேச்சை விட்டால்தான் விலை சரியாகும். 860-க்கு அந்தக் கொட்டான் போகாது என்று தோன்றினால், அந்தச் சந்தை அந்தப் பொருளுக்கு ஆகாது என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சின்ன அளவில் செய்யலாம், வேறு சந்தை பார்க்கலாம்.

ஸ்டால் பெரிதாக இருக்கிறதே, காலியாகத் தெரிகிறதே என்று மொத்தக் கடையில் வாங்கிய சாமானை நடுவில் அடுக்குவது அடுத்த தவறு. மதுரை சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. விரலால் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்த இடம். பக்கத்திலேயே புள்ளி அச்சடித்த சேலையை நாலில் ஒரு பங்கு விலைக்குத் தொங்கவிட்டால், வருகிறவர் கைச்சேலையையும் அச்சு என்றுதான் நினைப்பார். தேர்வுக் குழுவினர் கண்ணில் பட்டால் அடுத்த முறை ஸ்டாலும் கிடையாது.

ஓர் ஊரின் பேர் சொல்லும் பொருளுக்குச் சட்டப்படி தருகிற புவிசார் குறியீட்டிலும் இதே போல ஒரு குழப்பம். பத்தமடை பாய், சுவாமிமலை வெண்கலச் சிலை, செட்டிநாட்டுக் கொட்டான், மானாமதுரை மண்பாண்டம் எல்லாம் குறியீடு பெற்றவை. ஊருக்குக் கிடைத்துவிட்டது, எனவே எனக்கும் கிடைத்துவிட்டது என்று பேனரில் போட்டுவிடுகிறார்கள். குறியீட்டைச் சட்டப்படி பயன்படுத்த, செய்கிறவர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிய வேண்டும். நாட்டுக்கே பொதுவான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து எல்லாம் அதைத் தேடி வருகிறார்கள். நம்மில் பலர் அந்த வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம்.

சிலை செய்கிறவர்கள் பில் எழுதும்போது ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும்: புதிதாகச் செய்தது, செய்த ஆண்டு இது, செய்தவர் இவர் என்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பழைய மெருகு ஏற்றிய புதுச் சிலையை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டால் வாங்கியவர் பாடு திண்டாட்டம். இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கலாம் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். சிலை கனமாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற கேள்வி, இதை ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்பதுதான்.

ஸ்டாலில் உட்கார்ந்தபின் சொல்ல அதிகமில்லை. மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தால் ஆள் நிற்காது. பாதி முடைந்த கொட்டான் ஒன்று மடியில் இருந்தால் நிற்கும். கியூஆர் அட்டை மகன் பெயரில் இருந்து, மகன் ஊரில் இருந்தால் பணம் வந்ததா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாங்குகிறவர் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். கடைசி நாள் சாயங்காலம் ஒரு வியாபாரி வந்து, 'மிச்சத்தை எல்லாம் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், திருப்பித் தூக்கிக்கொண்டு போகிற செலவு மிச்சம்' என்பார். அவர் முதல் நாளிலிருந்தே உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். திருப்பி அனுப்ப என்ன ஆகும் என்று அன்று மத்தியானமே கணக்குப் போட்டு வைத்திருந்தால்தான் அவரிடம் பேச முடியும்.

கடன் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சந்தைச் செலவுக்குத் தண்டல்காரரிடம் வாங்கிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன் உண்டு. அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது முடிந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். ஆனால் இது தொழிலை நடத்தவும் பெருக்கவும் தருகிற கடன். பதினைந்து நாள் பயணச் செலவுக்கு அல்ல.

கடைசியாக ஆர்டர். ஹோட்டல்காரர் ஒருவர் வந்து, 'இதே மாதிரி நூறு வேண்டும், அச்சு அசலாக இதே மாதிரி' என்பார். சந்தோஷத்தில் தலையாட்டிவிடுவோம். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். அந்த அச்சு அத்தோடு போயிற்று. அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்று போல் இன்னொன்று வராது என்பதை அங்கேயே சொல்லி, எத்தனை மாதம் ஆகும் என்று எழுதி, பாதி முன்பணம் வாங்கியபிறகுதான் சரி சொல்ல வேண்டும். ஆர்டரை எழுத நூல் கட்டிய ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிழித்த சீட்டு வேண்டாம். வாய் மொழியாக இரண்டு லட்சத்துக்கு ஆர்டர் பேசி, பெயரையும் நம்பரையும் ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார் நம் பக்கத்து ஆள் ஒருவர். ஊருக்கு வந்த மறுநாள் காலை அந்தச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.