டார்க் ரொமான்ஸும் வாசிப்பு வட்டமும்: நாயகனைக் கூண்டில் ஏற்றாதீர்கள்

புதிய வாசிப்பு வட்டம் ஒன்று டார்க் ரொமான்ஸ் நாவலை, அதாவது கொடுமை செய்பவனே பெரும்பாலும் நாயகனாக வரும் காதல் கதையை, கையில் எடுத்தால், கூட்டம் எந்த இடத்தில் கெடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். படித்து முடிக்காமல் வருவது, ஒருவரே பேசித் தீர்ப்பது எல்லாம் எந்தப் புத்தகத்துக்கும் உள்ள தொல்லைகள். அவற்றை விட்டுவிட்டு இந்த வகைக்கே உரிய தவறுகளை மட்டும் பார்ப்போம்.

எச்சரிக்கைக் குறிப்பை ரகசியமாக வைப்பது

கடத்தல், பின்தொடர்தல், சம்மதமில்லாத உறவு என உள்ளடக்க எச்சரிக்கைகளைப் பல நாவல்கள் முதல் பக்கங்களிலேயே தந்துவிடும். கதை தெரிந்துவிடுமே என்று ஒருங்கிணைப்பாளர் அதைச் சொல்லாமல் விடுவார். ஏழாம் அத்தியாயத்தில் ஒருவர் புத்தகத்தை மூடிவிடுவார். காரணத்தைச் சொல்ல மனமில்லாமல் கூட்டத்துக்கும் வரமாட்டார்.

இதை இரண்டு அடுக்காகச் செய்யலாம். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே என்னென்ன வருகிறது என்ற பட்டியல் மட்டும் எல்லாருக்கும் போகட்டும். எந்த அத்தியாயம், யாருக்கு நேர்கிறது, காட்சியாக விரிகிறதா இல்லை பேச்சில் கடந்துபோகிறதா என்ற விவரம் கேட்பவருக்கு மட்டும் தனியாக. பலருக்குத் தேவைப்படுவது அந்தக் கடைசி விவரம்தான்.

நட்சத்திர மதிப்பெண்ணில் தொடங்குவது

புத்தகத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கேளுங்கள்.

நாயகனைக் கூண்டில் ஏற்றுவது

"நிஜத்தில் இப்படி ஒருத்தனை ஏத்துக்குவீங்களா?" யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி போலத் தோன்றும். அதற்கு இருப்பது ஒரே பதில்: மாட்டேன். அதோடு பேச்சு நிற்க வேண்டும், ஆனால் நிற்காது. நாவலை ரசித்தவர் அவனுடைய சிறுவயதுத் துயரத்தை எடுத்துவைத்து வாதாடத் தொடங்குவார். பிடிக்காதவர் குறுக்கு விசாரணையில் இறங்குவார். அரைமணி நேரத்துக்குள் புத்தகம் ஓரமாகப் போய், அதை ரசித்தவரின் ஒழுக்கம் விசாரணைக்கு வந்துவிடும். அடுத்த மாதம் அவர் வந்தாலும் வாய் திறக்கமாட்டார். "கதைதானே, விடுங்க" என்று மூடிவிடுவதும் இதே தவறின் மறுபக்கம்தான். அதற்குப் பிறகு பேச எதுவும் மிஞ்சாது. இத்தனை வட்டங்கள் இதில் சிக்கிய பிறகும் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது என்பதுதான் எரிச்சல்.

வாசகர் வில்லன் பக்கம் சாய்வது இன்று முளைத்த நோய் அல்ல. ஆங்கில நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1747-48இல் 'கிளாரிஸா' நாவலைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டபோது, நாயகியை ஏமாற்றிக் கூட்டிப்போய் அடைத்துவைக்கும் லவ்லேஸைத் திருத்தி அவளுக்கே மணமுடித்து வைக்கும்படி வாசகர்கள் அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் மசியவில்லை. அடுத்து வந்த பதிப்புகளில் லவ்லேஸின் கயமை இன்னும் தெளிவாகத் தெரியும்படி அடிக்குறிப்புகளையே சேர்த்தார். அது கடிதங்களால் ஆன நாவல். லவ்லேஸின் கடிதங்களில் சாமர்த்தியம் வழிந்தோடும். எனவே வட்டத்தில் கேட்க வேண்டியது, எதைக் காட்டி நம்மை அவன் பக்கம் இழுக்கிறார்கள் என்பதைத்தான். அவன் நல்லவனா கெட்டவனா என்பது அதற்குப் பிறகு.

செய்முறை இது. பேச்சு தொடங்கும் முன் எல்லாரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். அவன் மேல் இருந்த கோபம் குறைந்த அத்தியாயத்தின் எண்ணை மட்டும் எழுதட்டும். பெயர் வேண்டாம். குறையவே இல்லை என்றால் சுழியம். எட்டுச் சீட்டில் ஐந்து ஒரே எண்ணாக இருந்தால் அந்த அத்தியாயத்தைத் திறங்கள். அவனைவிடக் கொடிய ஒருவன் கதைக்குள் நுழையும் இடமாக அது இருக்க வாய்ப்பு அதிகம். நாயகன் துளியும் மாறியிருக்கமாட்டான். பக்கத்தில் நிற்பவன்தான் மாறியிருப்பான்.

பிறகு மூன்று பக்கத்துக்கு மிகாத ஒரு காட்சியை எடுத்துப் பேசுங்கள். 90 நிமிடக் கூட்டமென்றால் இதற்கு 40 நிமிடம் கொடுக்கலாம். முதலில், யார் சொல்கிறார்கள்? இந்த நாவல்களில் நாயகனும் நாயகியும் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் 'நான்' என்று பேசுவது வழக்கம். அவளைக் கொல்லமாட்டான் என்பது அவன் அத்தியாயத்தைப் படித்த நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நம்முடைய நிம்மதியை அவளுடைய நிம்மதி என்று எண்ணிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது. அவளுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அதே காட்சியை மறுபடி படியுங்கள். அடுத்து, சாவி, ஃபோன், பணம், வாகனம் நான்கும் யாரிடம் இருக்கின்றன? அவள் 'வேண்டாம்' என்றால் என்ன நடக்கும்? வாய் மறுத்தாலும் உடல் இசைந்தது என்ற வரி வந்தால், அது அவள் அத்தியாயத்தில் இருக்கிறதா, அவன் அத்தியாயத்திலா?

கடைசியாக, அவன் திருந்திவிட்டான் என்பதற்குச் சான்று. கண்ணீரும் மன்னிப்பும் கணக்கில் வராது. முதல் பாதியில் அவன் எடுத்த முடிவு ஒன்று, கடைசிக் கால்பகுதியில் அதே சூழலில் திரும்ப வருகிறதா, அப்போது வேறு மாதிரி நடந்துகொள்கிறானா என்று தேடுங்கள். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் திருந்தியதாக ஆசிரியர் சொல்கிறார், அவ்வளவுதான்.

பாதிக் கதைக்குத் தீர்ப்பு எழுதுவது

காதல் நாவல் என்றால் நம்பிக்கையோடு முடியும் என்பது வாசகருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான எழுதாத ஒப்பந்தம். டார்க் ரொமான்ஸில் அந்த முடிவு இரண்டாம் பாகத்துக்குத் தள்ளிப்போகலாம். முதல் பாகம் துரோகத்தில் அறுந்து நிற்கும். ஒரே ஜோடியின் கதை எத்தனை பாகம் என்று பார்த்த பிறகு தேர்ந்தெடுங்கள்.

பக்க எண் சொல்வது

பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாய எண்ணும் பத்தியின் முதல் நாலு சொல்லும் போதும்.

ஆடியோபுக் கேட்டவரை மறப்பது

"இங்க வா" என்ற வரி அச்சில் மிரட்டலா கொஞ்சலா என்று தெரியாது. குரல் கொடுத்தவர் அதை உங்களுக்காக முடிவுசெய்துவிடுவார். ஒரு காட்சியில் இருவர் அடியோடு முரண்பட்டால், யார் எந்த வடிவில் படித்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

படுக்கையறைக் காட்சிகளைத் தாண்டிப் போவது

கூச்சத்தில் பல வட்டங்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. இந்த வகையிலோ இருவருக்குள் அதிகாரம் கைமாறுவது பெரும்பாலும் அங்கேதான். உரக்கப் படிக்க வேண்டிய அவசியமில்லை. காட்சிக்கு முன் யாரிடம் பிடி இருந்தது, பின் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் போதும். அடுத்தடுத்த மூன்று காட்சிகளில் எதுவுமே மாறவில்லை என்றால், அதை நாவலின் குறை என்று தாராளமாகச் சொல்லலாம்.