செல் கணக்குல அந்த 2-ஐ எங்க பெருக்கணும்?

பிளஸ் டூ பசங்களா, ஜிங்க்-சில்வர் செல் கணக்கு வந்தா ஒன்னு கவனிங்க. ஜிங்க் 2 எலக்ட்ரான் விடுது, சில்வர் அயனி 1 தான் வாங்கும், அதனால சில்வர் சமன்பாட்ட 2-ஆல பெருக்கி பேலன்ஸ் பண்றோம், அது சரி, ஆனா அதே கையோட சில்வரோட 0.80 வோல்ட்டையும் (அதோட நியம ஒடுக்க மின்னழுத்தம்) பெருக்கி 1.60 ஆக்கிடாதீங்க, மார்க் போயிடும். வோல்ட்டுங்கறது 1 கூலூம் சார்ஜுக்கு எத்தனை ஜூல்ங்கற கணக்கு, எலக்ட்ரான் டபுளானா எனர்ஜியும் டபுளாகும், விகிதம் மாறவே மாறாது. கேத்தோடு (சில்வர்) மதிப்புல இருந்து ஆனோடு (ஜிங்க்) மதிப்ப கழிங்க: 0.80 − (−0.76) = 1.56 வோல்ட். கிப்ஸ் எனர்ஜி மாற்றம் (ΔG = −nFE) கேட்டா அந்த 2 உள்ள வரும், n-ங்கறது எலக்ட்ரான் எண்ணிக்கை, F-ங்கறது 1 மோல் எலக்ட்ரானோட சார்ஜ் 96500 கூலூம், E-ங்கறது செல் வோல்ட்: −2 × 96500 × 1.56, சுமார் −301 கிலோஜூல். மைனஸ் வந்தா வினை தானா நடக்கும்னு அர்த்தம், அந்த குறிய எழுத மறந்துடாதீங்க.