சைடு ப்ராஜெக்டாக ஒரு அக்ரிகேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெடிட், யூடியூப், மாஸ்டடான், ப்ளூஸ்கை, ஹேக்கர் நியூஸ் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் படிக்க ஒரு ஆப் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைக்காத டெவலப்பர் குறைவு. ஆபீஸ் முடிந்து வந்து இரண்டு மூன்று இரவு உட்கார்ந்தால் ஏதோ ஒன்று ஓடத் தொடங்கிவிடும். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று ஓடியதும் அடுத்த தளம், அப்புறம் இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். ஐந்து தளங்களை அரைகுறையாகக் காட்டும் ஆப்பை அதை எழுதியவரே ஒரு மாதத்துக்குப் பிறகு திறப்பதில்லை. இரண்டே தளங்களை ஒழுங்காகக் காட்டுவதைத் தினமும் திறப்பார். இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான தவறுகள் அந்தச் 'சேர்க்கும்' ஆசையிலிருந்து பிறப்பவைதான்.

முதலில், எந்தத் தளத்தை நம்பித் தொடங்குவது என்பது. ட்விட்டர் 2023 ஜனவரியில் ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்ற வெளி ஆப்களை முன்னறிவிப்பின்றி முடக்கியது. சில வாரங்களில் இலவச ஏபிஐயில் (வெளி ஆப்கள் ஒரு தளத்தின் தகவலைக் கேட்டு வாங்கும் வழி) படிக்கும் வசதியும் போய், மாதம் 100 டாலரில் தொடங்கும் கட்டணம் வந்தது. அதே ஆண்டு ரெடிட்டும் கட்டணம் அறிவித்தது. ஆயிரம் அழைப்புக்கு 24 சென்ட் என்று கேட்கச் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அப்போலோ என்ற பிரபலமான ரெடிட் ஆப்பை உருவாக்கியவர், தன் ஆப்புக்கு அது ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொல்லி, ஜூன் 30 அன்று கடையை மூடினார். இன்ஸ்டாகிராமின் பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட தளத்தை மையமாக வைத்து ஆப் கட்டுவது வாடகை வீட்டில் கடன் வாங்கி மாடுலர் கிச்சன் போடுகிற மாதிரி.

எனவே திறந்த வழி உள்ள தளங்களிலிருந்து தொடங்குங்கள். மாஸ்டடானில் ஒருவருடைய பொதுப் பக்க முகவரியின் முடிவில் '.ஆர்எஸ்எஸ்' சேர்த்தால் ஃபீடு (புதுப் பதிவுகளை ஆப்கள் படிக்கும் வடிவில் தரும் பட்டியல்) வந்துவிடும். ஹேக்கர் நியூஸ் ஏபிஐக்குச் சாவியே வேண்டாம். ப்ளூஸ்கையில் பொதுப் பதிவுகளை லாகின் இல்லாமல் படிக்கலாம். யூடியூப் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபீடு உண்டு, கடைசி 15 வீடியோக்களைத் தரும். 'ஏபிஐ இல்லையென்றால் ஸ்க்ரேப் பண்ணிக்கலாம்', அதாவது பக்கத்திலிருந்தே தகவலை உருவிக்கொள்ளலாம் என்பார்கள். விதிமீறல் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்கள் பக்க வடிவமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அடுத்தது கோட்டா, அதாவது நாளுக்கு எவ்வளவு கேட்கலாம் என்ற வரம்பு. யூடியூப் டேட்டா ஏபிஐ நாளுக்கு 10,000 யூனிட் தருகிறது. தாராளம்போல் தெரியும். ஆனால் ஒரு தேடல் அழைப்புக்கே 100 யூனிட். 40 சேனல்களில் புது வீடியோ வந்திருக்கிறதா என்று மணிக்கொரு முறை தேடல் வழியே பார்த்தால் நாளுக்கு 96,000 யூனிட் வேண்டும். மூன்றாவது சுற்றிலேயே கோட்டா காலி. இதையே சேனலின் 'அப்லோட்ஸ்' ப்ளேலிஸ்ட்டைக் கேட்டுச் செய்தால் அழைப்புக்கு ஒரு யூனிட், நாளுக்கு 960தான். ஏபிஐ ஆவணத்தில் செலவுப் பட்டியலைப் படிக்காமல் கோடு எழுதத் தொடங்குபவர்கள்தான் 'கோட்டா பத்தவில்லை' என்று புலம்புகிறார்கள்.

ஃபீடுகளிலும் இதே கதைதான். ஃபீடோடு சர்வர் அனுப்பும் ஈடேக், லாஸ்ட் மாடிஃபைடு ஹெடர்களை (எந்தப் பதிப்பு, எப்போது மாறியது என்ற குறிப்புகள்) சேமித்து வைத்து அடுத்த முறை திருப்பி அனுப்பினால், மாற்றம் இல்லாதபோது சர்வர் வெறும் 304 ('மாற்றம் இல்லை') சொல்லிவிடும். இதைச் செய்யாமல் ஐந்து நிமிடத்துக்கொரு முறை முழு ஃபீடையும் இழுப்பது மரியாதை இல்லை. 429 ('அளவுக்கு மேல் கேட்கிறாய்' என்ற பதில்) வந்தால் உடனே திரும்பத் தட்டுவது அதைவிட மோசம்; 'ரிட்ரை ஆஃப்டர்' ஹெடர் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு நேரம் சும்மா இருங்கள். கிரான் வேலையை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) சரியாகப் பூஜ்ஜியமாவது நிமிடத்தில் வைக்காதீர்கள். உலகத்தில் பாதிப் பேர் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

டேட்டாவைச் சேமிப்பதில் மூன்று கண்ணிகள் உண்டு. ஒன்று, ஐடி. சமூக ஊடக ஐடிகள் பல 64 பிட் எண்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் 53 பிட்டுக்கு மேல் துல்லியமாக நிற்காது. 9007199254740993 என்ற ஐடி, ஜேசனை (ஏபிஐ தகவல் தரும் எழுத்து வடிவம்) பார்ஸ் செய்ததும் 9007199254740992 ஆகிவிடும். பார்ஸ் செய்யும்போது எர்ரர் எதுவும் வராது, அந்த ஐடியில் பதிவு கிடைக்காது, அல்லது வேறு யாருடைய பதிவோ திறக்கும், அவ்வளவுதான். இதற்காகவே ட்விட்டர் 2010இல் ஐடியை ஸ்ட்ரிங்காகவும் தரத் தொடங்கியது. ஐடி எதுவானாலும் ஸ்ட்ரிங்காகவே வையுங்கள்.

இரண்டாவது, நேரம். எல்லாவற்றையும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்து, காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். இதைப் பலரும் செய்துவிடுகிறார்கள். செய்யாதது என்னவென்றால், ஃபீடு சொல்லும் தேதியைச் சந்தேகப்படுவது. யாரோ ஒருவர் தன் பதிவுக்குத் தவறுதலாக அடுத்த ஆண்டுத் தேதி போட்டிருப்பார். அந்தப் பதிவு உங்கள் பட்டியலின் உச்சியில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வெளியான நேரம், நீங்கள் எடுத்த நேரம் இரண்டையும் தனித்தனியே வைத்து, இரண்டில் முந்தையதைக் கொண்டு வரிசைப்படுத்தினால் சரியாகிவிடும்.

மூன்றாவது நம் மொழிக்கே உரியது. 'கொ' என்ற எழுத்தை 'க'வோடு ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'கொரோனா' என்று தேடினால் பாதிப் பதிவுகள் கிடைக்காமல் போகும். உள்ளே வரும் எழுத்தையெல்லாம் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீர்ந்தது. முன்னோட்டத்துக்காக 100 எழுத்தோடு வெட்டும்போதும் கவனம் வேண்டும். கோட் பாயிண்ட் (யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் உள்ள எண்) கணக்கில் வெட்டினால் 'தமிழ்' என்பது 'தமிழ' என்று புள்ளியை இழந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் முழு எழுத்தாகப் பிரிப்பதற்கென்றே 'Intl.Segmenter' இருக்கிறது. டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல் பயன்படுத்தினால் பழைய 'யுடிஎஃப்8' போதாது. தமிழ் உள்ளே போகும், எமோஜி வந்ததும் படுத்துவிடும். யுடிஎஃப்8எம்பி4 போடுங்கள்.

இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். ஒரே செய்தி ஐந்து இடத்திலிருந்து ஐந்து முறை வந்தால் அது அக்ரிகேட்டரே இல்லை, குப்பைத் தொட்டி. ஒரே வீடியோவின் முகவரி குறுகிய வடிவில் ஒன்று, மொபைல் வடிவில் ஒன்று, முழு வடிவில் ஒன்று என வரும். செய்தி இணைப்புகளின் வாலில் யுடிஎம், எஃப்பிசிஎல்ஐடி என்று கண்காணிப்புச் சரடுகள் தொங்கும். இவற்றை வெட்டி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், யூடியூபில் எந்த வீடியோ என்று சொல்லும் பகுதியும் சேர்ந்து போய்விடும். எல்லா வீடியோக்களும் ஒரே இணைப்பாகிவிடும். தெரிந்த சரடுகளை மட்டும் வெட்டுங்கள். பக்கமே தன் 'கெனானிக்கல்' (அதிகாரபூர்வ) முகவரியைச் சொன்னால் அதைப் பெரும்பாலும் நம்பலாம்.

இதில் பலர் தவறவிடும் விஷயம்: இரட்டிப்பைக் கண்டதும் அழித்துவிடுவார்கள். அழிக்கக் கூடாது, ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நீங்கள் பின்தொடர்பவர்களில் ஐந்து பேர் ஒரே கட்டுரையைப் பகிர்ந்திருக்கிறார்கள் என்பதைவிட நல்ல சிபாரிசு ஏது? நஸ்ஸல் என்ற சேவை இந்த ஒரே யோசனையில்தான் ஓடியது. நண்பர்கள் பகிர்ந்த இணைப்புகளை, எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற கணக்கோடு காட்டும். 2021 மே மாதம் அதன் உரிமையாளரான ஸ்க்ரோல் நிறுவனத்தை ட்விட்டர் வாங்கியதும் அதை மூடிவிட்டார்கள். இன்றும் அதற்காக ஏங்குபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆப்பில் ஒரே ஒரு வசதிதான் இருக்கலாம் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

வரிசைப்படுத்துவதில் செய்யும் தவறு, வெவ்வேறு தளங்களின் எண்களை அப்படியே ஒப்பிடுவது. பெரிய சப்ரெடிட்டில் (ரெடிட்டின் தலைப்புவாரிக் குழு) 500 ஓட்டு சாதாரணம். மாஸ்டடானில் ஒரு சின்னக் கணக்குக்கு 20 பூஸ்ட் (மறுபகிர்வு) என்பது பெரிய விஷயம். நேரடியாக ஒப்பிட்டால் பக்கம் முழுக்க ரெடிட்தான் நிற்கும். அந்தந்த மூலத்தில் வழக்கமாக எவ்வளவு வரும் என்று ஒரு நடுமதிப்பு எடுத்து, அதைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். வயதுக்கு ஏற்ப மதிப்பெண்ணைக் குறைக்க, ஹேக்கர் நியூஸின் பழைய சூத்திரம் போதும்: ஓட்டில் ஒன்றைக் கழித்து, பதிவின் வயதோடு (மணிக்கணக்கில்) 2 கூட்டி 1.8ஆம் அடுக்குக்கு உயர்த்திய எண்ணால் வகுப்பது. மெஷின் லேர்னிங் எல்லாம் பிறகு பார்க்கலாம். பெரும்பாலும் அந்தப் 'பிறகு' வரவே வேண்டியதில்லை.

உள்கட்டமைப்புக்கும் அதே பேச்சுதான். பத்துப் பேர் பார்க்கும் ஆப்புக்குக் காஃப்கா, குபர்நெட்டீஸ் போன்ற பெரிய அமைப்புகளுக்கான கருவிகள் ரெஸ்யூமேவுக்குத்தான் உதவும். ஒரு எஸ்க்யூலைட் கோப்பு (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்), ஒரு கிரான் வரி, முடிந்தது.

பாதுகாப்பை மட்டும் சின்ன ஆப்தானே என்று விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் ஹெச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யாமல் காட்டினால், யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் பயனரின் பிரௌசரில் ஓடும். பயனரே ஃபீடு முகவரி கொடுக்கலாம் என்று வைத்தால், ஒருவர் உங்கள் சர்வரின் உள் முகவரியைக் கொடுத்துப் பார்ப்பார். அதைத் தடுக்க வேண்டும். ஏபிஐ சாவியை கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, சாவியையே மாற்ற வேண்டும். எழுதியவர் நீக்கிய பதிவு உங்களிடமும் நீங்க வேண்டும். யூடியூப் ஏபிஐ விதிப்படி, எடுத்த தகவலை 30 நாட்களுக்குள் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் நீக்க வேண்டும்.

ஆப் ஓடத் தொடங்கிய பிறகு அதை மெல்லக் கொல்வது எர்ரர்கள் அல்ல, எர்ரரே வராத தோல்விகள். ஃபீடு முகவரி மாறியிருக்கும். பழைய இடம் 200 ('எல்லாம் சரி') என்று பதில் சொல்லி ஒரு காலிப் பட்டியலைத் தரும். லாகில் எல்லாம் பச்சை. அந்த மூலத்திலிருந்து மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை என்பது யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு மூலத்தின் பெயருக்குப் பக்கத்திலும் 'கடைசியாக வந்தது: இன்ன நாள்' என்று சிறிய எழுத்தில் காட்டுங்கள். நாளுக்கு இருபது பதிவு தரும் இடம் இரண்டு நாளாகப் பூஜ்ஜியம் தந்தால் உங்களுக்கு ஒரு மெயில் வரட்டும். மாதம் ஒரு பதிவு போடுபவருக்கு அதே வரம்பை வைத்தால் இன்பாக்ஸ் நிறைந்துவிடும், அதனால் ஒவ்வொரு மூலத்துக்கும் அதன் பழக்கத்தைப் பார்த்து வரம்பு வையுங்கள். மெயில் வந்தும் அந்த மூலத்தைச் சரிசெய்ய மனம் வரவில்லையா, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.